அந்த 23 நிமிடம்

போன டிசம்பரில் ஒரு மழை இரவு. ஆறு ஆண்டுகளில் நான் ஓடிய எல்லா ஓட்டங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஓர் ஏஐ உதவியாளரிடம் கொடுத்தேன். மொத்தம் 1,140 ஓட்டங்கள். பினாங்குத் தீவின் சுங்கை ஆராவில் என் வீட்டு வாசலில் தொடங்கி குவீன்ஸ்பே கடலோரம் வரை போய்த் திரும்பும் வாரநாள் ஓட்டங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் தாவரவியல் பூங்கா வாசலில் கூடிக் கொடிமலை ஜீப் பாதையில் மூச்சு வாங்கும் ஓட்டங்கள், பினாங்குப் பாலத்து மாரத்தான்கள் என எல்லாம் அதில் இருந்தன. கொடுத்த மறுநாள், எனக்கு மிகவும் வேண்டிய ஒருவரின் வீட்டில் சண்டை வந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். மூன்று மாதமாக மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால் கொஞ்சம் ஆறும் என்று ஒரு நம்பிக்கை.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஏஐயிடம் நான் போனது பயிற்சியைச் சரிசெய்ய அல்ல. போன மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று ஐந்து மாதம் உழைத்தேன். முடித்தது 5 மணி 50 நிமிடத்தில். சரியாக ஒரு மணி நேரம் போயிற்று. ஏன் போயிற்று என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதைக் கண்டுபிடிக்க இயந்திரம் எதற்கு? நான் கேட்க விரும்பியது வேறு. அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் என் நேரம் என்னவாக இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை மனிதர்கள் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பாலத்தின் மேல்

பாலத்து மாரத்தானில் ஓடியவர்களுக்கு அந்த நேரம் தெரியும். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் குவீன்ஸ்பேயிலிருந்து விடுவார்கள். மற்றவர்கள் புரண்டு படுக்கும் நேரத்தில் நாம் வாழைப்பழம் தின்றுவிட்டு ஷூ நாடா கட்டிக்கொண்டிருப்போம். பாலம் ஏறும்போது பேச்சு அடங்கிவிடும். கீழே கடல் தெரியாது, வாடை மட்டும் வரும். மொத்தப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதில் தண்ணீருக்கு மேல் இருப்பது 8.4. நடுவில் கம்பிவடங்கள் தாங்கும் இடத்தில் மாட்டுத் திமிலைப் போல எழும்பும். காரில் போகிறவனுக்கு அந்த ஏற்றம் இருப்பதே தெரியாது. முப்பது கிலோமீட்டர் ஓடிய காலுக்குத் தெரியும்.

என்னோடு ஓடியவரை அண்ணன் என்றே எழுதுகிறேன். எங்கள் குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். அறுபதைத் தாண்டியவர், பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலம் திறந்த 1985-க்கு முன்பு ஃபெரியில் ஏறித்தான் தீவுக்கு வந்ததாகக் கதை கதையாகச் சொல்வார். எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஆறு ஆண்டுக்கு முன் 94 கிலோ எடையோடு போய் நின்றவனை, "மொத மாசம் நீ ஓட வேணாம் தம்பி, சும்மா நட, போதும்" என்று நடக்க வைத்தவர். அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருக்கிறது. நம்மவர்களிடம் இது செய்தியே இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது, இங்குள்ள இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களை நம் குழுக்களில் எண்ணி மாளாது.

சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும் என்று கிளினிக் சுவரில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். 33-ஆவது கிலோமீட்டரில் எல்லோருக்கும் மூன்றும்தான் இருக்கிறது. அதனால் எனக்கு முதலில் பிடிபடவில்லை. தீவை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தோம். திடீரென்று அவர் என் பக்கம் திரும்பி, "ஃபெரி எத்தன மணிக்குத் தம்பி?" என்று கேட்டார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் வயிற்றில் புளி கரைந்தது. மாமாக் கடையில் கோப்பியோடு தரும் சீனிப் பொட்டலம் இரண்டை எப்போதும் இடுப்புப் பையில் வைத்திருப்பார். எடுத்துப் பார்த்தால் வியர்வையில் ஊறிப் பிசுபிசுவென்று ஒட்டிக் கிடந்தது. அதைப் பிரித்து நக்கச் சொன்னேன், என்னிடம் இருந்த இனிப்பு எனர்ஜி ஜெல்லைப் பிழிந்து கொடுத்தேன். தண்ணீர் நிலையத்துப் பிள்ளைகள் ஓடிப்போய் மருத்துவக் குழுவை அழைத்து வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 3.2 மில்லிமோல். பாலத்துத் தடுப்புச் சுவரில் சாய்ந்து இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவருக்கு இனிப்புப் பானம் கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி குத்தினார்கள், 4.9. வண்டியில் ஏறிவிடுங்கள் என்றார்கள். அவர் கெஞ்சினார், நானும் சேர்ந்து கெஞ்சினேன். ஓடக் கூடாது, நான் விலகாமல் கூடவே நடக்க வேண்டும் என்ற பேச்சில் விட்டார்கள். அது சரியான முடிவு என்று இப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. மீதி ஒன்பது கிலோமீட்டரையும் நடந்தே கடந்தோம். முடிக்கும்போது பொழுது விடிந்துவிட்டது.

நடக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான்: "வீட்ல சொல்லிராத." அதற்கு முன்பே ஒரு முறை சமையலறையில் சர்க்கரை இறங்கி விழப் பார்த்தவர். இன்னொரு முறை இப்படி ஆனால் ஓட்டத்தை விட்டுவிடுகிறேன் என்று மகளிடம் சத்தியம் செய்திருந்தார். சரி என்றேன். குழுவில் கேட்டவர்களிடம் எனக்குக் கால் பிடித்துக்கொண்டது, அண்ணன்தான் கூட நடந்து வந்தார் என்று கதையைத் திருப்பிப் போட்டேன். எல்லோரும் நம்பினார்கள். இரண்டு பேர் எனக்கு மக்னீசியம் மாத்திரை வாங்கச் சொல்லி இணைப்பு அனுப்பினார்கள்.

மூட்டையைக் கொடுத்த கதை

ஓட்டத் தரவை ஏஐயிடம் கொடுப்பது பற்றி இங்கே ஓடுகிற எல்லோரும் ஏதாவது படித்திருப்பீர்கள். 2024 நவம்பரில், ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலி தன் விதிகளை இறுக்கியது. அதன் வழியாகத் தரவு பெறும் வெளிச் செயலிகள் அதை ஏஐ மாதிரிகளில் பயன்படுத்தக் கூடாது, ஒருவரின் ஓட்டத்தை அவருக்கு மட்டுமே காட்ட வேண்டும் என்றது. அதே மாதத்தில்தான் ஆன்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் எம்சிபி என்ற இணைப்பு முறையை வெளியிட்டது. ஏஐ உதவியாளர் நம் கோப்புகளுக்கும் செயலிகளுக்கும் உள்ளே நேரடியாகப் போய்ப் படிக்க வழி செய்யும் முறை அது. ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொருவர் எல்லாக் கதவுக்கும் பொருந்தும் கைப்பிடி செய்துகொண்டிருந்தார். நான் இந்த இரண்டு பக்கமும் போகவில்லை. நான் ஓட்டங்களைப் பதியும் செயலியில், உன் கணக்கில் உள்ளதை எல்லாம் இறக்கிக்கொள் என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினேன். சில மணி நேரத்தில் மின்னஞ்சலில் சுருக்கிய கோப்பு ஒன்று வந்தது. அதை அப்படியே தூக்கி ஏஐயிடம் போட்டேன். யாரிடம் அனுமதி கேட்பது? என்னுடையதுதானே.

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் தரவு பார்ப்பதுதான் என் பிழைப்பு. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை கட்டுப்பாட்டு வரைபடங்களை முறைத்துக்கொண்டிருப்பவன், சொந்தக் கோப்பைத் திறந்து பார்க்காமல் அனுப்பினேன். பின்னால் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விநாடிக்கு விநாடி ஜிபிஎஸ் புள்ளி, இதயத் துடிப்பு, கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை காலடி என்ற கணக்கு). அதோடு எல்லா ஓட்டங்களுக்கும் சேர்த்து ஓர் அட்டவணை. அந்த அட்டவணையில் என் எடைக்கு ஒரு பத்தி. எந்த ஷூ என்பதற்கு ஒரு பத்தி. அப்புறம், நான் எனக்கு மட்டும் என்று எழுதி வைத்த தனிக் குறிப்புகளுக்கும் ஒரு பத்தி. செயலியில் பூட்டுப் படம் போட்டுக் காட்டுகிற அதே குறிப்புகள். நியாயம்தான். என் தரவைக் கேட்டேன், முழுவதையும் கொடுத்தார்கள். பூட்டு மற்றவர்களுக்கு, எனக்கு அல்ல.

ஏஐ வேலை செய்த அழகைக் குறை சொல்ல மாட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு நல்ல பயிற்சியாளர் ஒரு வருடம் பழகிச் சொல்லக்கூடியதைச் சொன்னது. என் மெதுவான ஓட்டங்கள் மெதுவாகவே இல்லை என்றது. காலை ஆறு மணிக்கும் ஈரப்பதம் அப்பிக்கிடக்கும் நம் ஊரில், ஒரே வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு துடிப்பு ஏறிக்கொண்டே போவதைக் காட்டி, வேகத்தைப் பார்க்காதே, துடிப்பைப் பார் என்றது. இன்னொன்றையும் பிடித்தது. சில நாட்களில் என் துடிப்பு 172-இலேயே நின்றிருந்தது, கேடன்ஸும் 172. மணிக்கட்டில் கடிகாரம் தளர்வாக இருந்தால் அதன் ஒளி உணரி நாடியை விட்டுவிட்டுக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கியது. வாரை ஒரு துளை இறுக்கினேன், சரியாகிவிட்டது. இரண்டு வருடமாக இதயம் கெட்டுவிட்டதோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தவன் நான். ஒரு வேடிக்கையும் நடந்தது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் தண்ணீர்மலைக்குப் போகும் ரதத்தின் பின்னால் நடந்தபோது கடிகாரத்தை அணைக்க மறந்திருந்தேன். மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட நகராத, நாள் முழுக்க நீண்ட அந்த நடையைப் பார்த்துவிட்டு, "மிகக் குறைந்த தீவிரத்தில் நெடுநேரம் செய்த மீட்புப் பயிற்சி, தொடரலாம்" என்று பாராட்டியது. முருகன் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பிறகு என் கேள்விக்கு வந்தேன். கடைசி மாரத்தானில் 33-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு என்ன ஆயிற்று, அது ஆகாமல் இருந்திருந்தால் என் நேரம் என்ன? அறிக்கை வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். முதல் பத்தியின் கடைசி வரியில் அந்த எண் இருந்தது: 4 மணி 43 நிமிடம். என் பழைய சாதனையைவிட ஒன்பது நிமிடம் குறைவு. நான் ஓடாத ஓட்டத்தின் நேரம். அதைப் பத்து முறையாவது படித்திருப்பேன். மீதிப் பக்கத்தைப் படிக்கவில்லை.

ஒட்டினேன்

எங்கள் குழுவின் வாட்சாப்பில் (புலனம் என்று எழுதச் சொல்லி ஒரு தமிழாசிரியர் அங்கேயே திருத்துவார், அவர் மன்னிக்கட்டும்) இந்த ஏஐ பயிற்சியாளர் சமாசாரம் உண்மையில் உதவுமா என்று வாரக்கணக்கில் வாதம் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அறிக்கை முழுவதையும் நகலெடுத்து அங்கே ஒட்டினேன். "பாருங்கள், இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறது" என்று மேலே ஒரு வரி. வாதத்துக்குச் சான்று கொடுப்பவன் போல ஒரு பாவனை. உண்மையில் அந்த 4:43-ஐ அவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கால் பிடித்துக்கொண்டு ஊர்ந்தவன் என்று நானே கட்டிவிட்ட கதை எனக்கே கசந்துபோயிருந்தது.

நான்காவது பத்தியில் இப்படி எழுதியிருந்தது: 33.4-ஆவது கிலோமீட்டரில் 23 நிமிடம் நீங்கள் நகரவில்லை. இது உங்கள் உடல் சோர்வால் அல்ல. உங்கள் குறிப்பின்படி உடன் ஓடிய மூத்தவருக்கு இரத்தச் சர்க்கரை 3.2-க்கு இறங்கியது, அதன் பிறகு நடந்த 9 கிலோமீட்டரும் அதன் விளைவே, ஆகவே இந்தப் பகுதியை உங்கள் திறன் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறேன். நான் வீடு வந்ததும் தூக்கக் கலக்கத்தில் கைப்பேசியில் தட்டி வைத்த இரண்டு வரிக் குறிப்பு. எதற்காக எழுதினேன்? அடுத்த வருடம் இந்த ஓட்டத்தைத் திறந்து பார்க்கும்போது, 5:50 என் தப்பு இல்லை என்று எனக்கே ஞாபகப்படுத்த. வேறு காரணம் எதுவும் இல்லை.

குழுவில் அண்ணனின் மகளும் இருக்கிறாள். எப்போதாவது பத்து கிலோமீட்டர் ஓடுவாள். ஒட்டிய பதினொன்றாவது நிமிடத்தில் அவளிடமிருந்து அழைப்பு. "சித்தப்பா, 3.2 யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையையும் சொல்ல முடியவில்லை. நான் பேசாமல் இருந்ததே பதிலாகிவிட்டது. பிறகு அந்தச் செய்தியை அழித்தேன். அழித்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று நின்றது, படிக்காதவர்களையும் அது கேட்க வைத்தது.

அன்று மாலை ஃபெரியில் போனேன். பாலத்தில் வண்டி ஓட்டிப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். பட்டர்வொர்த்தில் அவர் வீட்டு வாசல் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே மகள் இருந்தாள், வெளியே வரவில்லை. சீனி போடாத கோப்பி வந்தது. நான் விளக்க ஆரம்பித்தேன். கோப்பு, தனிக் குறிப்பு, பூட்டு, பத்தி என்று ஏதேதோ சொன்னேன். மன்னிப்பு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு தொழில்நுட்பப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "மெசின்கிட்ட சொன்னதுக்கு நான் ஒண்ணும் வருத்தப்படல தம்பி. அதுக்கு நான் யாரு, அது எனக்கு யாரு" என்றார். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். "அன்னிக்கு என் பக்கத்துல ஒக்காந்திருந்தல்ல. நாலு தடவ கடிகாரத்தப் பாத்த."

சர்க்கரை 3.2-இல், ஃபெரி எத்தனை மணிக்கு என்று கேட்ட மனிதர். அவர் எண்ணியிருக்கிறார். நான்கு முறை. எனக்கு ஒரு முறைகூட ஞாபகம் இல்லை. என் கடிகாரத்தில் அந்த 23 நிமிடத்தின் ஒவ்வொரு விநாடியும் இருக்கிறது. என் துடிப்பு 158-இலிருந்து 96-க்கு இறங்கியது இருக்கிறது, நாங்கள் உட்கார்ந்த இடம் சில மீட்டர் துல்லியத்தில் இருக்கிறது. நான் மணிக்கட்டைத் திருப்பியது அதில் இல்லை. அது அவரிடம் இருந்தது. அவர் அதை யாரிடமும் காட்டவும் இல்லை, இரண்டு வாரம் எதுவும் நடக்காதது போல் என்னோடு ஞாயிற்றுக்கிழமை பசியாறினார், ரொட்டி சானாயில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "அதனால என்ன, போட்டின்னா பாக்கத்தான் செய்வாங்க" என்று அவரே சமாதானமும் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

யாருடைய தரவு

ஏஐ ஏமாற்றிவிட்டது, உளவு பார்க்கிறது என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை எளிதாக முடிந்திருக்கும். அது என்ன தப்பு செய்தது என்று பல முறை யோசித்துப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு புள்ளி கட்டுப்பாட்டு எல்லையைத் தாண்டி விழுந்தால், காரணம் தெரியாமல் அதைத் தூக்கி எறியக் கூடாது. இயந்திரமா, மூலப்பொருளா, ஆளா என்று தேடி, கண்டுபிடித்து, வரைபடத்தின் ஓரத்தில் எழுதிய பிறகே நீக்கலாம். புதிதாக வருகிற ஒவ்வொரு பையனுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. ஏஐ அதையேதான் செய்தது. விலகிய புள்ளியைப் பார்த்தது, காரணத்தைத் தேடியது, குறிப்பில் கண்டுபிடித்தது, ஓரத்தில் எழுதியது, நீக்கியது. என்னிடம் வேலை பார்க்கும் பையனாக இருந்தால் தட்டிக்கொடுத்திருப்பேன்.

என் தரவு, என் விருப்பம் என்று நினைத்தேனே, அங்கேதான் இடித்தது. 1,140 ஓட்டங்களில் நான் தனியாக ஓடியவை பாதிகூட இருக்காது. குறிப்புப் பத்தியை ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஒருவரின் விவாகரத்து, ஒருவருக்கு வேலை போனது, கருத்தரித்திருந்த ஒரு தோழி குழுவில் சொல்வதற்கு முன்பே என்னிடம் சொல்லி, ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தியது. எல்லாவற்றையும் "இன்று ஏன் மெதுவாக ஓடினேன்" என்பதற்குக் காரணமாக நான் எழுதி வைத்திருக்கிறேன். மற்றவர்களின் வாழ்க்கை எனக்கு வேகக் குறைவுக்கான விளக்கமாகவே பதிவாகியிருக்கிறது. 2018 ஜனவரியில் எல்லோரின் ஓட்டங்களையும் சேர்த்துக் காட்டும் ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடத்தில் இராணுவ முகாம்களின் உள்வழிகள் பாலைவனத்து நடுவில் ஒளிர்ந்து தெரிந்த செய்தி நினைவிருக்கும். அந்தப் படைவீரர்களும் தங்கள் காலை ஓட்டத்தைத்தான் பதிந்தார்கள். தெரிந்தது முகாம். அதைப் படித்து அப்போது நான் சிரித்தவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலத் தகவலை உணர்வுமிகு தகவல் என்றே வகைப்படுத்துகிறது. நிறுவனங்கள் அதைக் கையாள வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். ஆனால் தனி ஆள் தன் சொந்த, குடும்ப, பொழுதுபோக்குக் காரியங்களுக்காக வைத்திருக்கும் தகவலுக்கு அதில் விலக்கு உண்டு. ஓட்டம் பொழுதுபோக்கு. அண்ணனின் 3.2 என் பொழுதுபோக்கின் கணக்கில் வந்துவிட்டது. சட்டம் நம் வீட்டுக்குள் வரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போது கூசியது.

என் மனைவி இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தாள். செவ்வாய், வியாழன் காலை ஐந்தேகால் முதல் ஆறே முக்கால் வரை நான் வெளியே இருப்பேன் என்று அந்தக் கோப்பில் ஆறு வருடமாக எழுதியிருக்கிறது. "நீங்க வீட்ல இல்லாத நேரம் அதுக்குத் தெரியும்னா, நான் தனியா இருக்குற நேரமும் தெரியும்தானே?" என்றாள். செயலியில் வீட்டைச் சுற்றி மறைப்பு வட்டம் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு கோப்பைத் திறந்து காட்டியபோது முதல் புள்ளி எங்கள் கேட்டிலேயே இருந்தது. மறைப்பு வட்டம் பிறர் பார்க்கும் வரைபடத்துக்குத்தான், மூலக் கோப்புக்கு இல்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததன் அளவு உங்களுக்குப் புரியும்.

இப்போதும் நான் ஏஐயிடம் கேட்கிறேன். விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். ஆனால் கொடுப்பதற்கு முன் அட்டவணையில் ஓட்டத்தின் பெயர், விவரிப்பு, தனிக் குறிப்பு மூன்று பத்திகளையும் அழிக்கிறேன். ஜிபிஎஸ் புள்ளிகளைக் கொடுப்பதில்லை. கிலோமீட்டருக்கு எடுத்த நேரம், துடிப்பு, கேடன்ஸ், ஏற்ற இறக்கம் போதும், பயிற்சிக் கேள்விகளில் பத்துக்கு ஒன்பதுக்கு அதிலேயே பதில் கிடைக்கிறது. ஏதாவது புரியாவிட்டால் அது கேட்கும்: இந்த நாளில் ஏன் நின்றீர்கள்? "சொந்தக் காரணம்" என்று தட்டுகிறேன். அதோடு விட்டுவிடுகிறது. மனிதர்கள் அப்படி விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழுவில் இன்னும் இரண்டு பேர் அண்ணனைப் பார்த்தால் சர்க்கரை எப்படி என்று விசாரிக்கிறார்கள்.

அண்ணன் மூன்று மாதமாக ஓடவில்லை. மகளின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார். மருத்துவர் மாத்திரையை மாற்றியிருக்கிறார், முன்பு போட்டுக்கொண்டிருந்தது நெடுநேர உழைப்பில் சர்க்கரையை இறக்கிவிடும் வகை என்று சொன்னாராம். ஒரு ஞாயிறு பசியாறும்போது அவரே, "அந்த மெசின்கிட்ட என் கணக்கயும் கேட்டுப் பாரேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். "நீ சொல்றதுக்குத்தான் அது என் கத. நானே சொல்றதுக்கு என்ன?" என்றார். மகளையும் வைத்துக்கொண்டு கேட்பதாக இருந்தால் சரி என்றேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து, டாக்டர் சொல்வதை மீறுகிற எதையும் அது சொன்னால் அத்தோடு மூடிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு வரச் சொன்னாள்.

அதே வீடு, அதே சீனி இல்லாத கோப்பி. இந்த முறை கைப்பேசி மேசை நடுவில் இருந்தது, தட்டுவது நான், சொல்வது அவர். ஓடத் தொடங்கி எத்தனை வருடம், என்ன மாத்திரை, காலையில் சர்க்கரை எவ்வளவு, என்ன சாப்பிடுவார், எதைச் சொல்ல வேண்டும் எதை வேண்டாம் என்பதை ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். சமையலறைச் சம்பவத்தைச் சொல்லலாமா என்று மகள் இருந்த பக்கம் பார்த்தார், பிறகு சொன்னார். பாலத்தில் நடந்ததையும் சொன்னார். நான் தட்டிக்கொண்டே வந்தேன். வயது என்று கேட்டது.

"ஐம்பத்தெட்டுன்னு போடு" என்றார்.

விரல் திரையின் மேலேயே நின்றது. சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அறுபத்தொண்ணு, சித்தப்பா. மே மாசம் வந்தா அறுபத்திரண்டு."